லைன் கிளியர் சொல்ல ஆளில்லாத ஜல்லிப் பாதை

மாமு,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு காலை, நம் ஜல்லிப் பாதையில், ரயிலே ஓடாத தண்டவாளத்துக்கு நடுவில் சைக்கிளை நிறுத்தி, "லைன் கிளியரா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தியதோடு விட்டிருந்தாலாவது மானம் தப்பியிருக்கும். பதில் வரட்டும் என்று ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். பதில் பின்னாலிருந்து வந்தது.

"அங்கிள், யார்கிட்ட பேசறீங்க?"

திரும்பினால், தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு இளம் ஜோடி. அவர்கள் சைக்கிள் டயர் ஒவ்வொன்றும் உன் முன்னங்கை தடிமன். இப்படி லாரி வராத பாதையாகத் தேடித் தேடி ஓட்டுவதற்கு 'கிராவல் ரைடு' என்று பெயராம். அதற்கென்றே ஊரில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். நாம் அதற்கு 'ஜல்லியில உருள்றது' என்று பெயர் வைத்திருந்தோம். "போன்ல பேசிக்கினு இருந்தேம்மா" என்று சமாளித்தேன். போனோ சைக்கிள் கூடையில், குடைக்கு அடியில், பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. அந்தப் பெண் கூடையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பெடலை மிதித்துப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெயிலேறியதும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளிலிருந்து ஒரு தார் நெடி கிளம்புமே, அதுதான் என்னை அப்படிக் கத்த வைத்தது. அந்த நெடி வந்தால் நீ பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பதாக என் மூக்கு இன்னமும் நம்புகிறது.

உன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். "தினமும் சைக்கிள் ஓட்டுங்க. ஆனா மெயின் ரோட்டுல வேணாம், டென்ஷன் உங்களுக்கு ஆகாது." திருவொற்றியூரில் குடியிருக்கிற ஒருவனிடம் சொல்கிற பேச்சா அது? எண்ணூர் வரைக்கும் கன்டெய்னர் லாரி ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிற ஊரில், டென்ஷன் இல்லாத ரோடு என்று ஒன்று உண்டானால் அதில் ஏற்கெனவே யாராவது லாரியை நிறுத்தியிருப்பார்கள். நீதான் இந்தப் பாதையைச் சொன்னாய். மூடிப்போன தொழிற்சாலைக்கு அந்தக் காலத்தில் சரக்கு ரயில் போன கிளைத் தடம். தண்டவாளத்தில் பாதி மண்ணுக்குள் கிடந்தது. மீதிப் பாதி எங்கே போனது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். ஜல்லி மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் வளர்ந்து தலைக்கு மேல் கைகோத்துக்கொண்டிருந்தது. அதை நாம் 'காடு' என்றோம். வேறு காட்டை நாம் எங்கே பார்த்தோம்?

உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

"அண்ணே, ரோட்ல வுழுந்தா நாலு பேரு ஓடியாருவான். ஆட்டோ வரும், ஆம்புலன்ஸ் வரும். அந்தக் காட்டுக்குள்ள இன்னா வரும்? நீங்க ஒர்த்தர்தான் கீறீங்கோ. ஒங்களால ஒரு அரிசி மூட்டய நவுத்த முடியுமா, சொல்லுங்கோ."

முடியாது. வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜாக்கெட் லைனிங் துணி கிழித்துப் பிழைக்கிறவன் நான். அன்று ராத்திரி எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வண்டி வராத பாதை என்று நாம் கொண்டாடுகிறோம். வண்டி வராது என்றால் எந்த வண்டியும் வராது. அதிலிருந்து ஒவ்வொரு மிதிக்கும் நான் உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். சட்டை நனைகிறதா, தோள் ஏறி இறங்குகிறதா, ஒரு மூச்சு கூடுகிறதா. கொக்கு பறந்தது, கழிமுகத்துக் காற்று வந்தது என்று நீ பிறகு டீக்கடையில் சொல்வாய். நான் எதையும் பார்த்ததில்லை.

என் மகளின் பழைய லேடீஸ் சைக்கிள்தான் எனக்கு. அதன் கூடையில் உனக்கு நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை, தண்ணீர், குளுக்கோஸ், குடை, வழியில் துரத்துகிற நாய்க்கு பிஸ்கட், உன் மனைவி கொடுத்தனுப்பிய மாதா படம். மூடின தொழிற்சாலையின் வாட்ச்மேன் நம்மை மறித்தானே, அன்றைக்கு நீ பேசியதை இன்றும் கடையில் சொல்லிச் சிரிக்கிறேன்.

"காலங்காத்தால ரெண்டு பேரு புதருக்குள்ள போறீங்கோ. இன்னா மேட்டரு?"

"நான் ஹார்ட் பேஷண்டு நைனா. டாக்டரு சைக்கிள் வுட சொல்லிகீறாரு."

"அப்ப இவுரு?"

"இவுரு எனக்கோசரம் பயப்பட வந்துகீறாரு."

துறைமுகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் சரக்கு ரயிலுக்குத் தடம் மாற்றிவிடும் வேலை பார்த்தவன் நீ. அந்தப் பழக்கம் செத்த தடத்திலும் போகவில்லை. எங்கெல்லாம் ஒற்றையடிப் பாதை குறுக்கே வெட்டுகிறதோ அங்கெல்லாம் நீ முன்னால் போய் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து நிற்பாய். நான் பின்னாலிருந்து "லைன் கிளியரா?" என்று கேட்க வேண்டும். நீ "கிளியர்" என்று சொன்ன பிறகுதான் என் சக்கரம் நகரலாம். குறுக்கே வந்தது என்றால் ஒரு ஆடு வந்திருக்கும். "ஆளே இல்ல, எதுக்குடா இது?" என்று கேட்டதற்கு நீ சிரிக்கக்கூட இல்லை. "கண்ணு பாக்கும் மாமு. ஆனா வாய் சொன்னாத்தான் வண்டி நவுரணும். கண்ண நம்பி நவுந்தவன் ரெண்டு பேர எனக்குத் தெரியும்." அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன், பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன். கருவேலங்காட்டின் நட்டநடு வளைவு அது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஜல்லியில் தவழ்ந்து வந்தேன் என்பதுதான் சரி. நீ தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து, நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்துப்போய் இருந்தாய்.

உன் மனைவியிடம் என்ன சொல்வது என்பதை மனம் அதற்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டது. மாத்திரையைப் பிய்த்தேன். "வாயத் திற, வாயத் திற" என்று அலறிக்கொண்டே அதை என் நாக்குக்கடியில் வைத்துக்கொண்டேன்.

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"இன்னா மாமு பண்ற?"

"நெஞ்சு வலிக்குதாடா?"

"வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. வட சுடுது."

நெஞ்சுப் பக்கச் சட்டைப் பையில் சூடு ஆறாத மசால் வடை. வீட்டில் எண்ணெய்ப் பண்டத்துக்குத் தடை என்பதால் வழியில் வாங்கிப் பொட்டலமாகச் செருகி, காட்டுக்குள் வந்து தின்னத் திட்டம் போட்டிருக்கிறாய். நான் கேட்டபோது பாதி வடை வாய்க்குள் இருந்ததால் பதில் வரவில்லை. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் உன் மாத்திரை என்னிடம் வேலையைக் காட்டியது, தலை இடி இடியென்று இடிக்க ஆரம்பித்தது, கண் இருட்டியது. வடையை விழுங்கிவிட்டு, என்னை உன் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஹார்ட் பேஷண்ட் நீ தள்ளிக்கொண்டு வந்தாய். வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தான். "பயந்து முட்சிட்டாரு" என்று அவனிடம் விளக்கம் வேறு சொன்னாய்.

கடைசியில் நான் பயந்த இடத்தில் எதுவும் நடக்கவில்லை. ஒரு மாலையில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் உன் வீட்டில், செருப்பைக் கழற்றும்போது உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸும் வந்தது, நாலு பேர் இல்லை, தெருவே தூக்கியது. நானும் உன்னோடு ஏறிக்கொண்டேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் லாரி, பின்னால் லாரி. நான் இறங்கி ஒவ்வொரு டிரைவரிடமும் கும்பிட்டு வழி கேட்டேன். அவர்களும் பாவம், எங்கே நகர்த்துவார்கள்? திரும்பி வந்து ஏறியபோது நீ கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாய்.

"சிக்னல் கெட்ச்சா போவப்போறோம். அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சினுகீற?"

நீ என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். கூடையிலிருந்து எதையும் எடுக்கவில்லை, பார்த்துக்கொள்ள முதுகு இல்லை என்பதால் பயம் குறைந்துவிடவும் இல்லை. என் மகளோடு ரோட்டைக் கடக்கும்போது, அவள் "வாப்பா, போலாம்" என்று வாயால் சொல்லும்வரை கால் எடுத்து வைப்பதில்லை. அவளுக்கு இது அவமானம். இரண்டு பக்கமும் காலியாகத்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் நிற்கிறேன். பயம் என்னுடையது, நிற்பது உன்னுடையது. இரண்டும் சேர்ந்து ஓர் ஆளாக நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் புல்டோசர் வந்து நம் காட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. இன்று காலை போய், நீ வடை தின்ற அந்த வளைவில் நின்று பார்த்தேன். கருவேலம் இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர், சுவரில் அகலமாக ஒரு கேட். ரோட்டுப் பக்கம் முன்வாசலை மட்டுமே நாம் பார்த்திருந்த ஆஸ்பத்திரியின் பின்வாசல் அது, நாம் போய் வந்த நாளெல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. இரண்டு ஆம்புலன்ஸை நிறுத்திவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவுகிற தண்ணீர் என் டயர் வரைக்கும் வந்தது.