துடைத்தால் போகிற புள்ளி

தங்கச்சி வாயாடிக்கு,

பதினெட்டு வருஷமாக மார்பக எக்ஸ்ரே எடுக்கிறேன். அக்குளில் பவுடர் போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அந்தத் தூள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். புற்றுநோயின் ஆரம்பமும் சிலருக்கு அப்படித்தான் தெரியும்.

"எல்லாருக்கும் எடுக்கிறீங்க, உங்களுக்கு எப்போ?" என்று கூட வேலை பார்ப்பவள் நேற்று என்னை மெஷினில் நிறுத்திவிட்டாள். இடது பக்கம் உப்புத் தூவியது போலப் புள்ளிகள்.

"பவுடராக்கா?"

"ஆமாடி, ஊருக்குத்தான் உபதேசம்" என்று சிரித்தேன். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றேன். அதே இடம், அதே புள்ளிகள்.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் பவுடர் தொட்டதில்லை. உனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஊசியால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வராமல் அழுது தொலைக்காதே. கூடப் பிறந்தவள் நீ, உனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உன் பெயரை எழுதிவிட்டேன், சாக்குச் சொல்லாமல் வந்து சேர்.

பவுடர் போட்டுக்கொண்டே வா, திட்ட மாட்டேன். உனக்காவது துடைத்தால் போகட்டும்.

உன் அக்கா