கருப்புக் கடாவின் கறி உனக்கு வேண்டாம்

அன்புள்ள மஹீன் அண்ணாவுக்கு, இஃப்ராவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் மலையில் எல்லாரும் சுகம், மஸ்கட்டில் நீயும் உன் காலும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். அம்மா தூங்கியபின் சமையல்கட்டில் ஒளிந்து எழுதுகிறேன். போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, விடிந்ததும் பக்கத்து வீட்டுக் கலைவாணி அக்கா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

நீ கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது அம்மா நம் கருப்புக் கடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் புள்ள எழுந்து நடந்தா இந்தக் கடாவையே அல்லாவுக்காகக் குர்பானி குடுக்கறேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். தழை போட்டுக்கொண்டிருந்த நான் மட்டும்தான் கேட்டேன். நீ நடந்துவிட்டாய், பக்ரீத்தும் வருகிறது. இன்று ஒடுகத்தூரிலிருந்து வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அம்மா, கறியில் உப்புக்கண்டம் போடலாமா என்று கேட்டார். விருப்பத்துக்குக் கொடுக்கும் குர்பானி என்றால் நாமும் சாப்பிடலாம், வாயால் நேர்ந்தது என்றால் வீட்டார் ஒரு துண்டும் தொடக் கூடாது, முழுவதும் ஏழைகளுக்குத்தான் என்றார் அவர். உடனே அம்மா, "நான் இன்னா வாயாலயா சொன்னேன்? மனசுலதானுங்க நெனச்சேன்" என்கிறார்! கூட யாராவது இருந்தார்களா என்றார் ஹஜ்ரத். அம்மா என் பெயரைச் சொல்லிவிட்டார். நாளை மதியம் வந்து என்னையே கேட்பாராம். அவர் படியிறங்கியதும், "நீ ஒண்ணும் கேக்கல, புரிஞ்சுதாடி?" என்று அம்மா என் காதைத் திருகினார்.

இத்தனையும் உனக்காகத்தான். லீவில் வரும் பிள்ளைக்கு உப்புக்கண்டம் இல்லாமலா என்று ஒரே புலம்பல். யாருக்காக நேர்ந்தாரோ அவனுக்கே ஊட்டப் பார்க்கிறார், இவரிடம் என்னத்தைச் சொல்ல! பொய் சொன்னால் உன் காலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஹஜ்ரத் முன்னால் அம்மாவுக்குத் தலைகுனிவு. நீ கறி வேண்டாம் என்றால் அம்மா தானாகவே ஒப்புக்கொள்வார், நான் வாயே திறக்க வேண்டியதில்லை. அதனால் காலையிலேயே அம்மாவைப் போனில் கூப்பிடு. நான் எழுதியதைச் சொல்லாதே.

சாரத்தில் ஏறும்போது கயிறு கட்டிக்கொள். அல்லாஹ் உன்னை நடந்தபடியே வீடு சேர்க்கட்டும். ஒன்றை மறக்காதே, "என் கால் எனக்குப் போதும்மா" என்று முழுசாகச் சொல். வெறுமனே கால் போதும் என்றால் கடாவின் காலை உனக்குப் பாயா வைக்க எடுத்து வைத்துவிடுவார்.

உன் தங்கை,
இஃப்ரா