ஊற வைக்காத துணிகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து ஹோட்டல் மேசைவிரிப்புகள்தான். மஞ்சள் கறையோடு மல்லுக்கட்டி ஜெயித்தேன். எங்கள் லாண்டரிக் கடைக்கு எத்தனை மெஷின் வந்தாலும், கறை என்றால் கடைசியில் என் கைக்குத்தான் வரும். இந்தத் தெருவில் யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

சாயங்காலம் பேத்தி வந்தாள். பஸ் ஓட்டுகிறவள். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே புலம்பல். “பேப்பர் அடுக்கறதுக்கா பாட்டி நான் லைசென்ஸ் எடுத்தேன்?”

“உள்ள இருக்கிற பாசஞ்சர் இறங்கட்டும். அப்புறம் ஓட்டு” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் டிரைவர் இவள். கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சிலரிடம் இரண்டு தடவை.

மார்ச் 9, திங்கள்

தம்பியின் மருமகள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் பிரசவம் நல்லபடியாக ஆயிற்று, குழந்தை அழுதது, எல்லோருக்கும் போன் வந்தது. மத்தியானத்துக்குள் அவள் இல்லை.

குழந்தை இருக்கிறது.

எழுத வரவில்லை.

மார்ச் 11, புதன்

தம்பி வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள் — விதி. தம்பி மனைவி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நல்லாத்தான் பேசிட்டிருந்தா அண்ணி. தண்ணி கேட்டா. குடிச்சா” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

நல்லாப் பேசிட்டிருந்தவ எப்படிடி செத்தா? யாரும் கேட்கவில்லை. நான் கேட்டால், இப்ப அது எதுக்கு என்று வாயை அடைக்கிறார்கள். எதனால் வந்த கறை என்று தெரியாமல் நான் எந்தத் துணியிலும் கை வைத்ததில்லை. விதி என்று ஒரு கறை கிடையாது.

மார்ச் 20, வெள்ளி

சுகாதார நிலையத்து நர்ஸ் தம்பி வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். தம்பிக்குக் கோபம். “சொன்னா? போனவளைத் திருப்பிக் கொடுத்துடுவீங்களா?”

“முடியாதுங்க. யார் தப்புன்னு கேக்கவும் வரலை. எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து பெத்துக்கப் போறவளைக் காப்பாத்தலாம்.”

அடுத்து பெற்றுக்கொள்ளப் போகிறவள். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ரத்தம் எவ்வளவு போனது என்று கேட்டார். “எல்லாருக்கும் போறதுதானே. நான் ஒரு துணி மாத்தினேன்” என்றாள் தம்பி மனைவி. அவள் தங்கை, “நானும் ஒண்ணு மாத்தினேன்” என்றாள். தம்பி மகள், “நான் விரிப்பை மாத்தினேன்.”

“மாத்தின துணியெல்லாம் எங்க வச்சீங்க?”

“வைக்கறதாவது! அப்பவே குழாயடிக்குக் கொண்டுபோய் பச்சைத் தண்ணில அலசிட்டோம். காய்ஞ்சா போகாதே.”

எனக்குச் சுருக்கென்றது. தம்பிக்கும் லாண்டரிதான். ரத்தத்தைக் காயவிடாதே, சுடுதண்ணீர் காட்டாதே — எங்கள் வீட்டில் பிள்ளைகள் பேசுவதற்கு முன்னால் கற்றுக்கொள்வது அது. ஒருத்தி எடுத்துக்கொண்டு ஓட, அடுத்தவள் மாற்ற, அவள் எடுத்துக்கொண்டு ஓட… ஆளுக்கு ஒரு துணியைத்தான் பார்த்திருக்கிறார்கள். மொத்தத்தை யாரும் பார்க்கவில்லை. வார்டு நர்ஸுக்குப் பக்கத்து அறையில் இன்னொரு பிரசவம். அவர் எட்டிப் பார்த்த போதெல்லாம் வெள்ளை விரிப்பு. சுத்தமாக இருக்கிறதே என்று போயிருக்கிறார்.

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். “குழந்தை பிறந்ததும் கருப்பை இறுகணும். இறுகலைன்னா ரத்தம் நிக்காது. கொட்டணும்னு இல்ல, விடாம கசிஞ்சாலே ஆளைக் கொண்டுபோயிடும். ஊசி இருக்கு, மருந்து இருக்கு. ஆனா சீக்கிரம் தெரியணும்.”

தம்பி மனைவி எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன விரிப்புகளை எடுத்து வந்து நர்ஸ் மடியில் வைத்தாள். பளீரென்று வெள்ளை. இஸ்திரி போட்டு மடித்தது. ஒரு பொட்டு கறை இல்லை.

“பாருங்க” என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 21, சனி

இன்றைக்கு ஒரு துணியும் துவைக்கவில்லை. காய்ச்சலா என்று மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

முடிவு பண்ணிவிட்டேன். பேத்தி பிரசவத்துக்குக் கடையிலிருக்கிற வெள்ளைத் தொட்டி வரும். மாற்றுகிற துணியெல்லாம் அதில்தான் விழ வேண்டும். நர்ஸ் சொல்லும்வரை யாரும் அலசக் கூடாது.

பேத்தியைப் பெற்ற என் மகள் முகத்தைச் சுளித்தாள். “என்னம்மா அசிங்கம். வர்றவங்க போறவங்க பாப்பாங்க.”

“பாக்கத்தாண்டி வைக்கிறேன்.”

பேத்தி சிரித்தாள். “கறையைக் கண்டா துள்ளி ஓடுற ஆளு நீ. கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பியா? பாக்கலாம்.”

ஏப்ரல் 2, வியாழன்

பேத்தி பிரசவத்துக்குப் பதிந்திருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டின் பெரிய நர்ஸைப் பார்த்தேன். துரத்திவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். உட்கார வைத்துப் பேசினார். “பிரசவ அறையில ரத்தத்தை அளக்க நாங்க பை வைக்கிறோம்மா. வார்டுக்கு வந்த பிறகுதான், வீட்டு ஆளுங்க துணியை எடுத்துட்டுப் போயிடறாங்க. நீங்க தொட்டியைக் கொண்டுவாங்க. துணியைக் காய்ஞ்சிருக்கும்போதே எடை நிறுத்து வச்சா இன்னும் நல்லது. நனைஞ்சப்புறம் நிறுத்தா எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சுடும்.”

“நிறுக்கணுமா? கடைத் தராசையும் கொண்டு வரேன்.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பேத்தி இரும்புச்சத்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். வாந்தி வருகிறதாம். “டீசல் இல்லாம வண்டியை எடுப்பியாடி? ரத்தம் குறைச்சலா போய்ப் படுத்தா, கொஞ்சம் போனாலே தாங்க மாட்ட.” முறைத்துக்கொண்டே முழுங்கினாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

தம்பி மனைவியைப் பார்க்கப் போனேன். தாயில்லாத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “நான்தான் கொன்னேன் அண்ணி” என்றாள்.

“நீ துணியைத்தான் அலசின. நான் இருந்திருந்தா உன்னைவிட வேகமா அலசியிருப்பேன்.”

பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள். பேத்தி பிரசவத்துக்கு நீயும் வா, தொட்டி பக்கத்தில் உட்கார் என்றேன். பிள்ளைக்குப் பால் கரைக்க எழுந்து போனாள். வர மாட்டாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

பெண் குழந்தை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் பிறந்தது. வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டில் அடியில் தொட்டி, ஜன்னல் ஓரம் தராசு. பக்கத்துக் கட்டில்காரி, “என்ன, இங்கயே கடை போட்டுட்டீங்களா?” என்றாள். போட்டாச்சு என்றேன்.

மகள் முதல் துணியை மாற்றினாள். தொட்டியில் போட்டாள். இன்னொன்று. “ஒண்ணே ஒண்ணும்மா, அலசிட்டு ஓடி வந்துடறேன்…” “வைடி அதை!” வைத்தாள். இன்னொன்று. ஓரமெல்லாம் காயத் தொடங்கிவிட்டது. புது வெள்ளைத் துணி, பழுப்பாக மாறுகிறது. எனக்குக் கண் அங்கேயேதான் நின்றது — கறையிலேயே. எப்போது குனிந்தேன், எப்போது கையை விட்டேன்? தெரியவில்லை. நானேதான்! இவ்வளவும் பேசின நானேதான்!

யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். தம்பி மனைவி. எப்போது வந்து நின்றாளோ.

“தொடாதீங்க அண்ணி.”

அவள் கறையைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள், முழுசாக. “இது ஜாஸ்தி. இது ஜாஸ்தி அண்ணி” என்றவள், நடையில் ஓடினாள். அவள் இவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. “நர்ஸம்மா! இங்க வாங்க! இப்பவே வாங்க!”

பெரிய நர்ஸ் வந்தார். தொட்டியை ஒரு பார்வை. தராசுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஒரு கையால் வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே ஊசிக்குக் குரல் கொடுத்தார். இன்னொருவர் கையில் பாட்டில் ஏற்றினார். டாக்டரம்மா ஓடி வந்தார். மகள் துணிகளை நிறுத்துச் சொல்லச் சொல்ல, அவர் மருந்தை மாற்றச் சொன்னார். என் பேத்தி முகம் சுண்ணாம்பு மாதிரி. நான் சாமியைக் கூப்பிடவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். சூடு இருக்கிறதா, இருக்கிறதா — அது ஒன்றுதான்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். “இறுகிடுச்சு. நின்னுடுச்சு.”

பேத்தி கண்ணைத் திறந்தாள். “பாட்டி… பிரேக் பிடிச்சுதா?”

“பிடிச்சிடுச்சுடி.”

ஏப்ரல் 29, புதன்

கஞ்சி குடித்தாள். என்னை அதட்டினாள். நன்றாகிவிட்டாள்.

மே 24, ஞாயிறு

அந்தத் துணிகளின் கறை போகவில்லை. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன் என்று எழுதினால் பொய். ஒரு தடவை அலசி, கடை வாசல் கொடியிலேயே காயப் போட்டேன். ஹோட்டல்காரர் பார்த்துவிட்டு, “என்னங்க, உங்க கைக்கே போகாத கறையா?” என்றார்.

“ஆமா. என் பேத்தி தாய்ப்பால் கொடுத்துட்டு உள்ள படுத்திருக்கா” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேசைவிரிப்பை வாங்கிக்கொண்டு போனார்.

ஜூன் 10, புதன்

வெள்ளைத் தொட்டி இப்போது கடையில் இல்லை. வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள், தராசும் வாங்கிவிட்டார்கள். பெரிய நர்ஸ் சொன்னால், துணைக்கு ஆள் இல்லாத கட்டிலுக்குத் தம்பி மனைவி போய் உட்கார்கிறாள். பேரனை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு கிடக்கின்றன.

இன்று மத்தியானம் அங்கிருந்து போன் பண்ணினாள்.

“அண்ணி, துணி கொஞ்சம்தான். நர்ஸம்மா பாத்துட்டாங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.” போனில் பின்னால் ஒரு பிள்ளை அழுவது கேட்டது. பிறகு கேட்டாள், “இப்ப அலசலாமா?”

“அலசு” என்றேன்.