மூன்றாம் காட்சி

பெப்ரவரி 11, ஞாயிறு
நூலக மண்டபத்தில் ஒத்திகை பார்த்தேன். சித்திரை வருஷப் பிறப்புக்குக் குடும்பங்களோடு பார்க்கிற நாடகம். எழுதியது என் மகள் தக்ஷாயினி, ஊர்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர். மூன்றாம் காட்சியில் புருஷன் பெண்சாதியை அடிக்கிறான். அவளைப் பெற்றவள் யன்னலைச் சாத்திவிட்டு மீன் வெட்டப் போகிறாள்.

எங்கள் வீட்டு யன்னல். நான் வெட்டிய மீன்.

மருமகன் ரதீஸை நான்தான் தேடிப் பிடித்தேன். அரசாங்க உத்தியோகம். அவள் மேல் கை நீட்டுவான்தான் – எந்த ஆம்பிளை நீட்டமாட்டான்?

பெப்ரவரி 14
நடிக்கிற பிள்ளைகளின் தாய்மாரிடம் வீடு வீடாக, படலை படலையாகப் போனேன். "ஒன்பது வயசுப் புள்ளைக்கு முன்னால புருஷன் பெண்சாதி சங்கதியக் காட்டுறாளாம். விடுவீங்களோ?" பெற்ற தாயே சொன்னால் யார் நம்பாமல் விடுவார்கள்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ரீச்சரம்மாவின் நாடகத்தை நாலு நாளில் நிறுத்துவேன்.

பெப்ரவரி 16
"அம்மா, நீங்களா சொல்லித் திரியிறீங்க?" ஓம் என்றேன். அவள் உதடு வீங்கியிருந்தது. லீவு போடச் சொன்னேன்.

பெப்ரவரி 18, ஞாயிறு
பெற்றோர் கூட்டம். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். எனக்குத் தலை நிமிர்ந்தது. அப்போது பக்கத்து வளவு ஜெயரூபன் எழும்பி என்னைக் காட்டினான்.

"பெத்தா சொல்றது சரி ரீச்சர். இத மேடையிலயும் காட்டத் தேவல்ல. எங்கட புள்ளையள் கிழமைக்குக் கிழமை உங்கட வீட்டுல இருந்து கேக்குதுகள்தானே. என்ட சின்னவன் காதைப் பொத்திக்கிட்டுத்தான் கணக்குச் செய்யிறான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அப்ப எல்லாருக்கும் தெரியும். எத்தின வருஷமா? நான் சாத்தினது என்னத்த?

காட்சியை எடுத்துவிட்டார்கள்.

பெப்ரவரி 19
முற்றத்தில் ரதீஸின் உடுப்புகள். பக்கத்தில் என் பெட்டி.

"சீதனமா எழுதித் தந்தது நீங்கதானே அம்மா. வீடு என்ட பேரில. அவரத் தேடிப் பிடிச்சதும் நீங்கதான். அவரோடயே போங்க."

நான் பெட்டியைத் தூக்கினேன். வேலியெல்லாம் சனம்.

மார்ச் 27
பழுகாமம். ரதீஸின் தமக்கை வீட்டில், பின் விறாந்தையில் எனக்கொரு பாய்.

கடைச் சுவரில் நோட்டீஸ். தக்ஷாயினியின் நாடகம், டவுண் மண்டபத்தில், வரும் சனிக்கிழமை. மூன்றாம் காட்சியோடு முழுவதும் நடக்குமாம். அடியில், 'சிறுவர்களுக்கு அனுமதியில்லை.' நான் கேட்டதும் அதைத்தானே.

பின்னால் ரதீஸ் வந்தான். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? சோறாக்கினியா?" மாமி என்று கூப்பிட்டு ஒரு மாதமாகிறது. நோட்டீஸைக் கண்டால் சனிக்கிழமை அங்கே சண்டைக்குப் போய் நிற்பான்.

சுவரோடு சாய்ந்து, முதுகால் அதை மறைத்துக்கொண்டேன். அவன் போகும்வரை அசையவில்லை.