சலாம் வைத்த கை

தங்கச்சிக்கு,

எட்டு வருஷம் உன்னோடு பேசாதவள் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

உன் மகள் கல்யாணப் பந்தியில், "சைக்கிள் கடை எண்ணெய்க் கையோட மாமா இங்கயா உட்காரணும்?" என்று கேட்டாய். நான் மறக்கவில்லை. அன்று நீ கட்டியிருந்த சேலைக்கரைகூட நினைவிருக்கிறது.

என் வீட்டுக்காரரின் அந்தக் கைதான் இப்போது வினையாகிவிட்டது. போன உலகச் சண்டையில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில், பஸ்ராவில், நாலு வருஷம் சலாம் வைத்துப் பழகிய கை. திங்கட்கிழமை ஜப்பான் சிப்பாய் கடைக்கு வந்தான். குனிந்து வணங்க வேண்டியவர் விறைத்து நின்று சலாம் வைத்துவிட்டார்.

"குனியத்தான் நெனச்சேன் புள்ள, கை தானா நெத்திக்குப் போயிருச்சு" என்கிறார். அந்தச் சிப்பாய் அடித்த அடியில் இடது காது கேட்கவில்லை. டயர் கிடைக்காமல் கயிறு சுற்றிக் கொடுத்து ஓட்டிய கடையையும் பூட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் ஏற்றுகிறார்கள். இவர் பெயரும் இருக்கிறதாம். செங், காஜா பேராங் ஊர்களில் ஜப்பான்காரனுக்கு ஆள் பெயர் எழுதிக் கொடுப்பவர் உன் வீட்டுக்காரர்தானே? போனவர்களில் ஒருவராவது திரும்பினாரா, நீயே சொல்.

பேரப்பிள்ளை கண்ட நான் உன் வீட்டுக்காரர் காலில் விழுகிறேன். இவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல். தலை எண்ணிக்கை குறையக் கூடாதென்றால் அந்த இடத்தில் என் பெயரை எழுதட்டும். அங்கேயும் சோறாக்க ஆள் வேண்டுமே.

உன் கூடப்பிறந்தவள்