சிவப்புக் குழாய், நீலக் குழாய்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். பாப்பா காய்ச்சலில் நம்மை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. நீயும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாய்.

அவள் வேலை பார்த்த நம் பிரெய்லி மென்பொருள் தயாராகிவிட்டது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும், விரலால் தடவிப் பார்க்கும் புள்ளிப் படமாகத் தாளில் எழுப்பித் தருகிறது. பார்வையில்லாத பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகத்தை அதில்தான் அடித்திருக்கிறோம். இருபதாம் தேதி வெளியீட்டு விழா. முதல் பக்கத்தில் பாப்பாவின் முகத்தையே புள்ளிப் படமாகப் போட்டிருக்கிறேன். ஒரு தாள் இத்துடன் இருக்கிறது. நீ மேடையில் உட்கார வேண்டும்.

அவள் பிழைகளைக் குறித்து வைத்த பிரெய்லி நோட்டையும் கொண்டு வா. உனக்கு அது எதற்கும் ஆகாது. ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்.

உன் தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

நான் தேறவும் இல்லை, தேறப்போவதும் இல்லை. அதை விடு.

தாள் வந்தது. தள்ளி வைத்துக் கண்ணால் பார்த்தால் என் மகள்தான். கண்ணை மூடித் தடவினால் உப்புத்தாள். மூக்கும் இல்லை, வாயும் இல்லை. அவள் தடவியிருந்தால், "யாரு மாமா இது, அம்மை போட்ட ஆளா?" என்று கேட்டிருப்பாள். கண் இருக்கிறவன் கண் இருக்கிறவனுக்குக் காட்டப் போட்ட படம். பெரிய மரியாதைதான்.

நோட்டு எனக்கு ஆகாது என்று யார் சொன்னது? ஐந்தாவதோடு நின்றவள்தான் நான். ஆனால் அவள் பிரெய்லி படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன். புள்ளியைக் கண்ணால் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையில் அடிப்பாள். "திருட்டுப் படிப்பு படிக்காதம்மா" என்பாள். பதினைந்து வருடமாக எனக்கு இது தெரியும். நீ ஒருநாள் கேட்டதில்லை.

நோட்டை முழுக்கப் படித்துவிட்டேன். இதயப் படத்தைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாள்: "மூணாவது தடவை சொல்லியாச்சு. நல்ல ரத்தக் குழாய், கெட்ட ரத்தக் குழாய், பேர் காட்டுற கோடு, மூணும் கையில ஒண்ணாத்தான் இருக்கு. மாமா ஸ்கிரீனைப் பாத்துட்டு, சிவப்பு நீலம்னு தனித்தனியா இருக்கேங்கறாரு. விரலுக்கு ஏது கலர்?"

அந்தப் பக்கத்தைத் திருத்தினாயா, இல்லையா? அதை எழுது. மேடையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

துக்கத்தில் எழுதுகிறாய் என்று பொறுத்துக்கொண்டேன். இது உனக்கு விளங்காத விஷயம். படம் சரியா என்று மென்பொருளே சோதித்துப் பச்சை விளக்குக் காட்டுகிறது. நானும் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் போய்விட்டது. குறை ஏதும் இருந்தால் அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

இருபதாம் தேதி கார் அனுப்புகிறேன். நோட்டை மறந்துவிடாதே.

உன் தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

பச்சை விளக்காமே! பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் படம் போடுகிறவனுக்கு விளக்கு ஒரு சாட்சி. நன்றாக இருக்கிறது.

நேற்று பாப்பா படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உன் புத்தகம் வந்திருந்தது. டீச்சர் இதயப் பக்கத்தைத் திறந்து மூன்று பெண்களிடம் கொடுத்தார். ஒருத்தி, "இது ஊர் மேப்பா டீச்சர்? எல்லா ரோடும் முட்டுச்சந்துல போய் நிக்குது" என்றாள். இன்னொருத்தி, "யாரோ நூல்கண்டை ஒட்டி வச்சிருக்காங்க" என்று சிரித்தாள். மூன்றாவது பெண் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் மண்டையில ஏற மாட்டேங்குது டீச்சர்" என்றாள்.

நீ செய்த கோளாறுக்கு அந்தப் பிள்ளை தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டது. இதற்கு ஒரு விழா வேறு.

கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தடவு. ஒரே ஒரு குழாயை, விரலை எடுக்காமல், தொடங்கின இடத்திலிருந்து முடிகிற இடம் வரை பிடித்துக்கொண்டு போ. போய்ச் சேர்ந்தாய் என்றால் நானே வந்து உன் மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

அக்கா


ஜூன் 18

அக்கா,

கண்ணைக் கட்டிக்கொண்டு தடவினேன். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் குழாயில் தொடங்கி, பேர் காட்டும் கோட்டில் ஏறி, படத்துக்கு வெளியே போய் விழுந்தேன்.

விழாவை நிறுத்திவிட்டேன். புத்தகங்களைத் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறேன். பாப்பா சொன்னது நினைவிருக்கிறது. வேறு யாருடனோ போனில் பேசிக்கொண்டே "சரி சரி" என்று தலையாட்டினேன். அவளிடம் தலையாட்டியிருக்கிறேன், அக்கா.

என்னை மன்னித்துவிடு. வந்து அந்த நோட்டைப் படித்துக் காட்டுவாயா? ஆபீசில் அவள் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. நீ சொல்லும் நாளில் வீட்டுக்கு வந்து கூட்டிப்போகிறேன்.

உன் தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

ஆறு தடவை தடவினதற்கு இவ்வளவு நீளக் கடிதமா? நான்கு வருடம் தடவினவள் ஒரு விஷயத்துக்கு நாலு வரிக்கு மேல் எழுதவில்லை.

நாற்காலியை நீயே காவல் காத்துக்கொண்டிரு. நோட்டு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அங்கே போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். புதுத் தாள் அடித்தால் அங்கே கொடுத்தனுப்பு. தன்னை மக்கு என்று சொன்ன பெண் முதலில் தடவிப் பார்ப்பாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

வீட்டுக்கு மட்டும் வராதே. கோபத்தால் சொல்லவில்லை. தினமும் காலையில் அவளை வேலைக்குக் கூட்டிப்போக வாசலில் நின்று கூப்பிடுவாயே, அதே குரலில் இனி ஒருநாள் கூப்பிட்டால், "இதோ வர்றாப்பா" என்று உள்ளேயிருந்து சொல்லிவிடுவேன்.

அக்கா