மூக்கால் படிக்கிறவள்

அன்புள்ள அம்மாவுக்கு வெர்னா எழுதுவது. அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? களஞ்சியக் கூரையில் இன்னும் பனி கிடக்கிறதா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில் எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன்.

பார்வையற்றோர் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து, எனக்கு இருக்கும் அரைப் பார்வையை வைத்துக்கொண்டு, பிரெய்ல் புள்ளிகளை விரலால் தடவாமல், மூக்கு தாளில் உரசக் குனிந்து கண்ணால்தான் படித்துவந்தேன். வகுப்பில் முதலிடமும் எனக்குத்தான். செவ்வாய்க்கிழமை எங்கள் ஆசிரியை மிஸ் தோர்ன் கண்டுபிடித்துவிட்டார்.

“வெர்னா, உன் விரல் சும்மா கிடக்குது. மூக்குதான் படிக்குதா?” என்று கேட்டு, என் கைகளையும் புத்தகத்தையும் ஒரு துணியால் மூடினார். எனக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். வருத்தப்படாதீர்கள், நானும் சிரித்தேன்.

இப்போது முதலிடம் என் பக்கத்துக் கட்டில் ஓப்பலுக்கு. விளக்கு அணைந்த பிறகு அவள் போர்வைக்குள் புத்தகத்தை வைத்து விரலால் தடவிக் கப்பல் கதை படித்துச் சொல்கிறாள். எல்லாப் பெண்களும் அவள் கட்டிலில்தான்.

“இருட்டுல நீ ஒருத்திதாண்டி குருடி!” என்று நேற்று சீண்டினாள். அவள் விரல்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

நான் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகப்போகிறேன். உங்கள் கறுப்புத் தலைத்துணியை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

ஓப்பல் கூப்பிடுகிறாள். இன்று போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கப்பல் பனிக்கட்டியில் சிக்கிய இடத்தில் நேற்று நிறுத்திவிட்டாள், அம்மா. போகிறேன்.

உங்கள் வெர்னா.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.